கேச் டப்பாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முதல்முறை ஒளித்துவைப்பவர்களுக்கு

2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு வாளியை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். ஜியோகேச்சிங் இப்படித்தான் தொடங்கியது. ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் சொல்வார்; மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு அதைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு அங்கேயே திரும்ப வைப்பார்கள். அந்த டப்பாதான் கேச். உல்மரின் வாளி ஐந்து கேலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டர். உள்ளே ஒரு குறிப்பேடு, பென்சில், சில பரிசுப் பொருள்கள், கூடவே ஒரு பீன்ஸ் டின். வாளியின் பாதி மண்ணுக்குள் இருந்தது. இந்த விளையாட்டின் இன்றைய வழிகாட்டுதலின்படி உணவும் வைக்கக் கூடாது, நில உரிமையாளரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் குழியும் தோண்டக் கூடாது. உலகின் முதல் கேச் இன்றைய பரிசீலனையில் தேறாது என்பது ஒரு வேடிக்கை.

டப்பா வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "இதில் தண்ணீர் புகுமா?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. மழை தூறும் மாலையில், கை நனைந்திருக்கும் ஒருவர், அடுத்த கேச்சுக்குப் போகும் அவசரத்தில் இதை மூடினால் சரியாக மூடுமா? நீங்கள் மூடுவது முதல் நாள் ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு மூடப்போகிறவர்கள் எல்லோரும் உங்களுக்கு அறிமுகமில்லாதவர்கள். நனைந்துபோன கேச்சுகளில் பெரும்பாலானவற்றில் டப்பா நல்ல டப்பாவாகத்தான் இருக்கும். மூடியவர் மூடிய விதம்தான் கோளாறு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அரைகுறையாக மூட முடியாத டப்பாவைத் தேடுவதுதான் நம் வேலை.

1. முதலில் இடம், பிறகு டப்பா

அழகான டப்பா கையில் கிடைத்துவிட்டது, இனி இதற்கு ஓர் இடம் தேடுவோம் என்று புறப்படாதீர்கள். இடத்தைப் பார்த்து, நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்கி, பக்கத்துக் கேச்சிலிருந்து 161 மீட்டராவது தள்ளி இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகு அந்த இடத்துக்குப் பொருந்தும் டப்பாவைத் தேர்ந்தெடுங்கள்.

அளவுகளுக்கு நிலைபெற்ற பெயர்கள் உண்டு. 100 மில்லிலிட்டருக்குக் குறைந்தால் மைக்ரோ; அதிலும் 10 மில்லிலிட்டருக்குள் அடங்குவதை நானோ என்பார்கள். 100 மில்லிலிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சிறியது, ஒரு லிட்டரிலிருந்து 20 லிட்டர் வரை வழக்கமானது, அதற்கு மேல் பெரியது. இடம் தாங்கும் அளவுக்குப் பெரிய டப்பாவை வையுங்கள் என்பதே என் யோசனை. பெரிய காட்டுக்குள் ஒரு மரப்பொந்தில் நானோவை ஒட்டிவைப்பது தேடுபவரின் பொறுமையைச் சோதிப்பதோடு நிற்பதில்லை. அவர் தேடும் வேகத்தில் மரப்பட்டையும் பாசியும் பெயர்ந்துவிடும்.

இடத்தில் நிற்கும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். வெயில் நேரடியாக எத்தனை நேரம் விழுகிறது? மழைநீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது? தரையில் ஈரம் தேங்குகிறதா? உறைபனி விழும் பகுதியா? இவற்றின் பதில்தான் எந்தப் பொருளாலான டப்பா என்பதை முடிவுசெய்யும்.

2. தண்ணீர் எந்த வழியாக வருகிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மழை மேலிருந்து கொட்டுவதால் டப்பா நனைவது அபூர்வம். சுமாரான மூடிகூட மேலிருந்து விழும் மழையைத் தடுத்துவிடும்.

முதல் எதிரி வெப்பநிலை மாற்றம். மூடிய டப்பாவுக்குள் இருக்கும் காற்று பகலில் 20 டிகிரி செல்சியஸிலிருந்து 50 டிகிரிக்குச் சூடானால் அதன் கனஅளவு ஏறக்குறைய பத்து சதவீதம் கூட முயலும். விரிய இடமில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறி, மூடியின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று வெளியேறும். இரவில் டப்பா குளிர்ந்ததும் உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே இருப்பதை அது உறிஞ்சுகிறது. அந்த நேரத்தில் மூடியின் விளிம்பைச் சுற்றி ஒரு சொட்டு நீர் தங்கியிருந்தால், உள்ளே போவது காற்று அல்ல, அந்தச் சொட்டுதான். கோடை மழை பெய்து சூடான டப்பா திடீரென்று குளிரும்போதும் இதேதான் நடக்கிறது. நாளுக்கு ஒரு மூச்சு என்று மாதக்கணக்கில் இப்படி நடந்தால், "நூறு சதவீதம் நீர்புகாதது" என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரால் ஒன்றும் ஆகாது.

டப்பாவின் மேல் ஐபி67 என்று போட்டிருந்தால் அதன் பொருளையும் தெரிந்துகொள்ளுங்கள். கடைசி எண் 7 என்பது, ஒரு மீட்டர் ஆழ நீரில் முப்பது நிமிடம் தாங்கியது என்பதைக் குறிக்கிறது. சோதனைச் சாலையில் புத்தம்புதுப் பொருளுக்கு அளித்த சான்று அது. மணலும் சருகும் ஒட்டிய விளிம்போடு இரண்டு ஆண்டு வெயில் பட்ட பிறகு என்ன ஆகும் என்று அது சொல்வதில்லை.

இரண்டாவது எதிரி திரி. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காகித ஓரமோ, பிளாஸ்டிக் பையின் நுனியோ, ஒரு புல்லோ வெளி ஈரத்தை உள்ளே இழுத்துவந்துவிடும். நனைந்த கேச்சைத் திறந்தால் முதலில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். பதிவேடு வைத்திருக்கும் பையின் ஒரு மூலை வளையத்தின் மேல் மடங்கி, அதன் மடிப்பு ரப்பரில் கோடாகப் பதிந்திருப்பதைக் கண்கூடாகக் காணலாம். அந்தக் கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதுவே போதும்.

மூன்றாவது, மழை நேரத்தில் திறக்கும்போதே உள்ளே விழும் நீர். இதைத் தடுக்க வழியில்லை; டப்பாவின் வாய் அகலமாக இருந்தால் துடைக்கவாவது முடியும்.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. நன்றாக மூடும் டப்பாவுக்குள் ஒருமுறை நீர் புகுந்துவிட்டால் வெளியேறாது. கசியும் டப்பாவில் பதிவேடு நனைந்து காயும். கசியாத டப்பாவில் நனைந்ததும் பூஞ்சை பிடித்துக் கூழாகும். அதனால்தான் அரைகுறை நீர்புகாத டப்பா எல்லாவற்றிலும் மோசமானது என்கிறேன்.

3. வகைகளும் என் மதிப்பீடும்

தோட்டாப் பெட்டி. ராணுவத்தில் தோட்டாக்களைக் கொண்டுசெல்லப் பயன்படும் எஃகுப் பெட்டி. .30 காலிபர், .50 காலிபர் என்ற இரண்டு அளவுகள்தான் கேச்சுக்கு அதிகம் பயன்படுகின்றன. முதலாவது ஏறக்குறைய 4 லிட்டர் கொள்ளும். இரண்டாவது 7 லிட்டரை ஒட்டி வரும். மூடியின் உட்புறம் தடித்த ரப்பர் வளையம் இருக்கும். முன்பக்கக் கைப்பிடிக் கொக்கியைக் கீழே அழுத்தினால் நெம்புகோல்போல வேலைசெய்து மூடியை வளையத்தின் மேல் அமுக்கிவிடும். இதன் சிறப்பு, பாதி மூடிய நிலை என்று ஒன்று இதில் கிடையாது. கொக்கி விழுந்தால் மூடியிருக்கிறது, விழாவிட்டால் மூடவில்லை. யார் கைக்கும் இது புரியும். கிடைக்கிற நாட்டில் இருந்தால், வைக்கிற இடம் தாங்கினால், வேறெதையும் தேட வேண்டாம்.

பழைய பெட்டியை வாங்கும்போது மூடியைக் கழற்றி வளையத்தை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். வெடிப்பு, வெட்டு, கல்லாய் இறுகிய பகுதி இருந்தால் வேறு பெட்டி பாருங்கள். விளிம்பு உலோகம் நசுங்கியிருந்தாலும் வேண்டாம். வெளியே இருக்கும் ராணுவ எழுத்துகளைப் பெயிண்டால் முழுக்க மறைத்துவிட வேண்டும். காரணம் பின்னால் வருகிறது. துரு எப்போதும் அடியிலிருந்துதான் தொடங்கும், ஆகவே வெறும் மண்ணில் வைக்காமல் இரண்டு கற்களின் மேல் வையுங்கள்.

நான்கு பக்கக் கொக்கி பிளாஸ்டிக் டப்பா. சமையலறையில் பார்க்கும் அதே டப்பா. சிறிய அளவுக்கும் வழக்கமான அளவின் தொடக்கத்துக்கும் புதியவர்களுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு டப்பாக்களுக்கிடையே மலையளவு வித்தியாசம் இருக்கும். மூடியைத் திருப்பிப் பாருங்கள். பள்ளத்துக்குள் தனியாகப் பதிந்த சிலிகோன் வளையம் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலேயே வரம்புபோல வார்த்துவிட்டிருந்தால் அது கேச்சுக்கு உதவாது. வளையத்தைப் பிதுக்கினால் மெத்தென்று உள்வாங்க வேண்டும். கொக்கிகளை மாட்டும்போது "டக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். சத்தம் முக்கியம், இருட்டில் மூடுபவருக்கு அதுதான் சாட்சி.

வடிவத்தையும் பாருங்கள். நீளமான செவ்வக டப்பாவில் நீண்ட பக்கத்துக்கும் நடுவில் ஒரே ஒரு கொக்கிதான் இருக்கும். மூலைகளுக்கும் கொக்கிக்கும் இடைப்பட்ட பகுதி வெயிலில் லேசாக வளைந்து மேலெழும். சதுரமும் சிறியதுமான டப்பாவில் அந்தத் தொல்லை குறைவு. ஒரே பெரிய டப்பாவைவிடக் கையடக்கமான ஒன்று நீண்ட நாள் உழைப்பதற்கு இதுவே காரணம்.

அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன். கொக்கி மடங்கும் இடம் ஆயிரம் முறை மடங்கினாலும் உடையாததற்கு இந்தப் பொருளின் தன்மைதான் காரணம். ஆனால் புற ஊதாக் கதிரும் கடுங்குளிரும் இதற்குப் பகை. வெயிலில் கிடந்தால் வெளுத்து, நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலித்தீன், குளிரை நன்றாகத் தாங்கும். 6 என்றிருந்தால் பாலிஸ்டைரீன். கண்ணாடிபோல உடையும், தொடவே வேண்டாம்.

அகன்ற வாய்த் திருகுமூடி பாட்டில். மலையேறுபவர்கள் தண்ணீர் கொண்டுபோகும் தடித்த பாட்டில்கள். மரை அகலமாகவும் ஆழமாகவும் இருந்தால் மூன்று நான்கு சுற்றில் இறுகிவிடும், ஒழுங்காக உழைக்கும். மரையில் மணல் ஏறினால்தான் சிக்கல்: இறுகிவிட்டது என்று கை சொல்லும், உண்மையில் மூடி பாதியில் நின்றிருக்கும். மணற்பாங்கான இடத்துக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

உணவுப் பொருள் வந்த பழைய ஜாடியைப் பயன்படுத்த ஆசைப்படுபவர்கள் உண்டு. மூடியின் உள்ளே அட்டைத் தாள் ஒட்டியிருந்தால் அது ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதைவிட, வாசனை. நமக்குத் தெரியாத அளவுக்கு மங்கிய வாசனையும் எலிக்கும் அணிலுக்கும் எறும்புக்கும் தெரியும். கடித்துத் துளைத்த மூடியை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி அந்தச் சிக்கனத்தில் இறங்குவதில்லை.

பெட் குழாய். குளிர்பான பாட்டிலாக ஊதிப் பெருக்குவதற்கு முன்பு, சோதனைக் குழாய்போல இருக்கும் தடித்த பிளாஸ்டிக் வார்ப்பு இது. மைக்ரோ அளவில் இதற்கு ஈடு இல்லை என்பது என் கருத்து. சுவர் மிகத் தடிப்பானது. காலில் மிதித்தாலும் உடையாது. அதன் மூடி வாயு அழுத்தத்தையே வெளியே விடாமல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது, மழையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஒரே குறை, உள்ளே போன பதிவுச்சுருள் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுப்பது. சுருளோடு ஒரு நூலைச் சேர்த்து உருட்டி நுனியை மேலே விட்டுவையுங்கள், இழுத்தால் வந்துவிடும். நூல் நுனி மூடிக்கு வெளியே நீட்டிக்கொள்ளாத அளவுக்குக் குட்டையாக இருக்கட்டும், திரி விவகாரம் நினைவிருக்கும்.

அலுமினியத் திருகுகுழல். சாவிக்கொத்தில் மாட்டும் மாத்திரைக் குழல் வகை. பைசன் டியூப் என்று கேச்சர்கள் சொல்வது இதைத்தான். நடுவில் இருக்கும் சிறிய ஓ-ரிங் வளையம்தான் இதன் உயிர். அது கழன்று விழுவதும், காய்ந்து வெடிப்பதும் சாதாரணம். ஓ-ரிங் வளையம் இல்லாத குழல் மரை வழியாக நீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு பை நிறைய உதிரி வளையங்கள் வாங்கிவைத்துக்கொள்ள மனம் இருந்தால் பயன்படுத்துங்கள்.

நானோ. சுண்டுவிரல் நுனி அளவு, அடியில் காந்தம். நீர் புகாது என்று யார் சொன்னாலும் நம்பாமல், கூரை அல்லது உலோகத் தகட்டின் மறைவில் மட்டும் வையுங்கள்.

படச்சுருள் டப்பா. 35 மில்லிமீட்டர் ஃபிலிம் வந்த கறுப்பு டப்பா, சாம்பல் மூடி. இந்த விளையாட்டின் தொடக்க காலத்தில் எல்லோர் வீட்டிலும் சும்மா கிடந்ததால் பரவியது; தரத்தால் அல்ல. மழை படும் இடத்தில் கசியும். மூடி உட்புறமாக அழுந்திப் பொருந்தும் வெண்ணிற வகை கொஞ்சம் மேல்.

மிட்டாய்த் தகர டப்பா, காந்தச் சாவிப்பெட்டி, கண்ணாடி ஜாடி மூன்றையும் ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம்: முதல் இரண்டும் துருப்பிடிக்கும், அவற்றுக்கு வளையமே இல்லை, மூன்றாவது உடைந்தால் யாராவது கையை அறுத்துக்கொள்வார்கள். பிவிசி குழாயின் இரு முனைகளிலும் மூடி போட்டுச் செய்வது உறுதியாகத்தான் இருக்கும், ஆனால் பார்ப்பதற்குக் குழாய் வெடிகுண்டு மாதிரி இருக்கிறது என்பதால் மக்கள் நடமாடும் இடத்துக்கு ஆகாது.

4. வாளிச் சோதனை

தேர்ந்தெடுத்த டப்பாவை வீட்டிலேயே சோதியுங்கள். சும்மா தண்ணீரில் அமுக்கிப் பார்த்தால் அது தேறிவிடும்; நாம் சோதிக்க வேண்டியது அது மூச்சுவிடும் பழக்கத்தை.

ஒரு மெல்லிய டிஷ்யூ தாளில் மை கரையும் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். அதை உள்ளே வைத்து, மூடி, டப்பாவை வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துச் சூடேற்றுங்கள். சூடு ஆறும் முன் குளிர்ந்த நீர் நிறைந்த வாளியில் போட்டு, மேலே கல் வைத்து அமுக்கி, இரவு முழுக்க விடுங்கள். போட்டவுடன் விளிம்பிலிருந்து குமிழிகள் வந்தால் காற்று வெளியேறுகிறது என்று பொருள். அதே வழியில் நீர் உள்ளே வரும். காலையில் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறங்கள். தாள் காய்ந்ததுபோலத் தோன்றினாலும் கோட்டின் ஓரம் பூத்திருந்தால் ஈரம் போயிருக்கிறது.

இதில் தேறிய பிறகு அடுத்த கட்டம். டப்பாவை ஒரு சிறுவனிடமோ சிறுமியிடமோ கொடுத்து, எதுவும் விளக்காமல் திறந்து மூடச் சொல்லுங்கள். அவர்கள் மூடியபடியே மறுபடியும் வாளியில் போடுங்கள். இதிலும் தேறினால்தான் அது கேச் டப்பா. உறைபனிப் பகுதிக்கானது என்றால் ஓர் இரவு உறைபெட்டியிலும் வைத்து, எடுத்த கையோடு கொக்கிகளைத் திறந்து மூடிப் பாருங்கள். விறைத்துப்போன பிளாஸ்டிக் அப்போதே உடைந்துவிடும்.

ஓ-ரிங், ரப்பர் வளையங்களில் மெல்லியதாக மசகு தடவலாம். சாதாரண ரப்பருக்குச் சிலிகோன் கிரீஸ் நல்லது. பெட்ரோலிய ஜெல்லி, இயந்திர எண்ணெய் இரண்டும் பல வகை ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். வளையமே சிலிகோனால் ஆனதென்றால் சிலிகோன் கிரீஸைத் தவிருங்கள், அது தன் இனத்தையே உப்பவைக்கும்.

5. உள்ளே என்ன வைப்பது

டப்பா என்னதான் நன்றாக இருந்தாலும் பதிவேடு ஒருநாள் நனையும் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள். நீர்புகாத் தாளில் குறிப்பேடுகள் கிடைக்கின்றன; சுண்ணாம்புக்கல் தூளையும் பாலித்தீனையும் கலந்து செய்யும் கல் தாளும் உண்டு. இரண்டும் நனைந்தாலும் கிழியாது. எழுதுவதற்குப் பென்சில்தான். பேனா மை குளிரில் உறையும், வெயிலில் கசியும், ஈரத்தில் கரையும். நீங்களே அச்சடிப்பதாக இருந்தால் லேசர் அச்சு நிற்கும், மைத்துளி அச்சு ஓடிவிடும்.

பதிவேட்டை ஒரு ஜிப் பையில் போடுவது வழக்கம். பை டப்பாவைவிடக் கணிசமாகச் சிறியதாக இருக்க வேண்டும். இடுக்கித் திணிக்க வேண்டிய பை கட்டாயம் ஒருநாள் விளிம்பில் மாட்டும். சிறிய ஓட்டை விழுந்த பை, பையே இல்லாததைவிடக் கெடுதல், நீரை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும்.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பற்றி நம்பிக்கை அதிகமாகவே இருக்கிறது. நல்ல டப்பாவுக்குள் திறக்கும்போது நுழையும் ஈரக்காற்றைக் கொஞ்ச நாள் அது உறிஞ்சும். ஒரு கொள்ளளவு நிறைந்ததும் நின்றுவிடும். கசியும் டப்பாவை அது காப்பாற்றாது. அந்த நிலையில் அது ஈரமான ஒரு மூட்டைதான்.

பரிசுப் பொருள்களில் உணவு, சோப்பு, மெழுகுவத்தி, வாசனை உள்ள எதுவும் வேண்டாம். பேட்டரி கசியும், மெழுகு வண்ணக்குச்சி உருகி எல்லாவற்றிலும் ஒட்டும், சோப்புக் குமிழித் திரவம் எப்போதும் கொட்டும். கத்தி, தீப்பெட்டி, பட்டாசு, மது, மருந்து ஆகியவற்றுக்கு இடமே இல்லை.

6. வெளித்தோற்றம்

மறைப்பதற்குப் பெயிண்ட் அடிக்கும் முன், மூடியும் விளிம்பும் சேரும் இடத்தை ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள். அங்கே ஒரு படலம் பெயிண்ட் ஏறினாலும் வளையம் சரியாக அமராது. துணி வகை ஒட்டுநாடா சுற்றினாலும் அப்படியே. விளிம்பைத் தாண்டி மூடிமேல் ஏறும் நாடா நீரை உள்ளே அழைத்துவரும். பாலிபுரோப்பிலீனில் பெயிண்டும் பசையும் எளிதில் பிடிக்காது. உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்து, பிறகு பெயிண்ட் அடித்தால் ஓரளவு நிற்கும். மிக அடர்ந்த கறுப்பு வேண்டாம். கறுத்த டப்பா அதிகம் சூடாகும், அதிகம் மூச்சு வாங்கும். வாசனை போகும்வரை வெளியில் காயவிட்ட பிறகே கொண்டுபோங்கள்.

கம்பி கட்டவோ திருகாணி போடவோ டப்பாவில் துளை போடாதீர்கள். எத்தனை பசை வைத்து அடைத்தாலும் அது துளைதான். வெளியே ஒரு வலையோ உறையோ போட்டு அதைக் கட்டுங்கள். காந்தம் ஒட்டுவதென்றால் நியோடைமியக் காந்தத்தின் மேல்பூச்சு உரிந்ததும் துருவேறி உதிரும் என்பதை நினைவில் வைத்து, இரு பகுதி எப்பாக்ஸிப் பசையால் முழுக்க மூடிவிடுங்கள்.

இப்போது அந்த ராணுவ எழுத்து விவகாரம். 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒரு காபிக்கடை வாசலில் ஒருவர் எதையோ ஒளித்துவைப்பதைப் பார்த்தவர்கள் போலீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். ராணுவத்தின் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அந்தப் பெட்டியைக் கட்டுப்படுத்தப்பட்ட முறையில் வெடிக்கவைத்தார்கள். அது ஒரு சாதாரணக் கேச் டப்பா. ஆகவே வெளிப்புறம் தெளிவாக இது ஜியோகேச் என்று எழுதுங்கள். கேச்சுக்கு ஜியோகேச்சிங் இணையதளம் தரும் அடையாளக் குறியீடான ஜிசி எண்ணையும் உங்களைத் தொடர்புகொள்ளும் வழியையும் சேருங்கள். உள்ளே, தற்செயலாகக் கண்டெடுப்பவருக்கு விளையாட்டை விளக்கும் ஒரு குறிப்பும் இருக்கட்டும். நகரத்துக்குள் என்றால் உள்ளிருப்பது தெரியும் தெளிவான டப்பாவே நல்லது. பள்ளிக்கூடம், ரயில் பாதை, பாலம், அரசுக் கட்டடம் ஆகியவற்றின் பக்கம் போகவே வேண்டாம்.

7. வைக்கும் விதம்

நீர் தேங்காமல் வழிந்தோட வேண்டும், அவ்வளவுதான். டப்பாவைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். மூடியின் விளிம்பில் குளம் கட்டக் கூடாது. திருகுமூடி பாட்டில் என்றால் படுக்கவைக்கலாம், அல்லது மூடி கீழே பார்க்கும்படி நிறுத்தலாம், மரையில் நீர் நிற்காது. மூடிமேல் கனத்த கல்லை நேரடியாக ஏற்றினால் பிளாஸ்டிக் நசுங்கி வளையம் விலகும். கல் பக்கத்தில் சாய்ந்து மறைக்கட்டும். ஓடை வழியும் பள்ளமும் வெள்ளத்தில் டப்பாவை அடித்துக்கொண்டு போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

டப்பா எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைத் தேடுபவருக்குச் சொல்லிவிடுங்கள். மூடியின் உட்புறம், திறந்தவர் கண்ணில் படும்படி, "பையை உள்ளே தள்ளி, நான்கு கொக்கியும் டக்கென்று கேட்கும்வரை அழுத்தவும்" என்று எழுதி ஒட்டுவதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். இந்த ஒரு வரி பல டப்பாக்களின் ஆயுளைக் கூட்டியிருக்கிறது.

8. பிறகு

கேச்சின் இணையப் பக்கத்தில் வரும் பதிவுகளைப் படியுங்கள். "லேசாக ஈரம்" என்று ஒருவர் எழுதினால் அடுத்த வாரமே போய்ப் பாருங்கள், கூழாகும்வரை காத்திருக்க வேண்டாம். போகும்போது பையில் உலர்ந்த துணி, உதிரிப் பதிவேடு, உதிரி ஜிப் பைகள், ஓ-ரிங் வளையங்கள், பென்சில், பழைய பல்துலக்கி ஆகியவை இருக்கட்டும். பல்துலக்கி வளையத்தின் பள்ளத்தில் சேர்ந்த மணலைச் சுரண்டி எடுக்க. வேறெதுவும் அந்த இடுக்குக்குள் போகாது. வளையத்தைக் கழற்றி, பள்ளத்தைத் துடைத்து, முறுக்கிக்கொள்ளாமல் திரும்பப் பதியுங்கள்.

கொக்கியின் மடிப்பில் வெள்ளைக்கோடு தெரிந்தால் அது உடையத் தயாராகிவிட்டது. அன்றே டப்பாவை மாற்றிவிடுங்கள். கேச்சையே நிறுத்திவிடுவதென்று முடிவெடுத்தால், பக்கத்தை மூடுவதற்கு முன்பே டப்பாவை எடுத்துவந்துவிட வேண்டும். எடுத்துவந்த தோட்டாப் பெட்டியில் துருவைத் தேய்த்து, வளையத்தைப் பார்த்து, புதுப் பெயிண்ட் அடித்து மறுபடியும் வாளிச் சோதனைக்கு அனுப்பலாம். நான்கு பக்கக் கொக்கி டப்பா இரண்டு மூன்று ஆண்டு வெயிலைப் பார்த்திருந்தால், சோதிக்கும் சிரமம்கூட வேண்டாம், நேராகப் பிளாஸ்டிக் மறுசுழற்சித் தொட்டிக்கு.